விரியும் பிரபஞ்சமும் விண்மீன் திரள்களின் இயல்பும்

நுவரெலியா, பூமத்திய ரேகைக்கு ஏறத்தாழ 7 பாகை வடக்கே அமைந்துள்ளது. ஆதலின், டிசெம்பர் முன்னிரவில் மூடுபனி விலகியிருக்குமாயின், தெற்கு அடிவானம் மறைபடாத தேயிலை மலைமுகடொன்றில் நிற்பவர், வடவானில் உயரத்தே அன்ட்ரொமீடாவையும் தென் அடிவானுக்குச் சற்று மேலே சிறிய மகெலன் முகிலையும் வெறுங்கண்ணாலேயே காணலாம். இரண்டும் நமது பால்வீதிக்குப் புறத்தேயுள்ள விண்மீன் திரள்கள். பிரபஞ்சம் விரிகின்றதெனில் இவையும் நம்மை விட்டு விலகுகின்றனவா? திரள்கள் தம்முள்ளும் விரிகின்றனவா?

தொலைவு கூடக் கூடத் திரள்கள் விலகும் வேகமும் கூடுகின்றது என்பதை லெமைத்திர் 1927இலும் ஹபிள் 1929இலும் வெளியிட்டனர். ஒவ்வொரு 32.6 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவுக்கும் இவ்வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 70 கி.மீ. கூடும். இவ்விதி மட்டுமே தொழிற்படுமாயின், 25 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவிலுள்ள அன்ட்ரொமீடா செக்கனுக்கு 50 கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்தில் விலகவேண்டும். உண்மையிலோ அது பால்வீதியை நோக்கிச் செக்கனுக்கு ஏறத்தாழ 110 கி.மீ. வேகத்தில் நெருங்குகின்றது. ஈர்ப்பினாற் பிணைப்புண்டவற்றை விரிவு பிரிப்பதில்லை. திரளொன்றின் விண்மீன்களையும் அது அகட்டுவதில்லை.

அங்ஙனமாயின் விரிவின் பங்கு யாது? மலைநாட்டின் உயரம் தேயிலைக் கொழுந்தை நேரே தொட்டு மாற்றுவதில்லை. அது குளிரையும் பனியையும் நிர்ணயித்து, அவற்றின் வழியே வளர்ச்சியை மந்தமாக்கிச் சுவையை வேறுபடுத்துகின்றது. விரிவும் இவ்வாறே திரள்களின் சூழலை நிர்ணயிக்கின்றது.

பிரபஞ்சத்தின் அளவு இன்றையதில் மூன்றிலொன்றாயிருந்தபோது சடப்பொருளின் சராசரி அடர்த்தி இன்றையதைப் போல் 27 மடங்காயிருந்தது. அக்காலத்துத் திரள்கள், அதே திணிவுடைய இன்றைய திரள்களிலும் பெரும்பாலும் சிறியனவாயும் செறிந்தனவாயும் அமைந்தன. வாயு மிகுதியாக வந்து சேர்ந்தது. விண்மீன்களின் பிறப்பு வீதம் ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன் உச்சம் கண்டது. இன்று அது அவ்வுச்சத்தில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கே. விண்மீன் வெடிப்புகளும் கருந்துளைகளும் இவ்வீழ்ச்சிக்குத் துணைநின்றன. எனினும், விரிவினால் சூழல் ஐதாகிப் புதிய வாயுவின் வரவு குறைந்தமை அடிப்படைக் காரணங்களுள் ஒன்றாகும். விரிவு வேகம் பெற்று வருகின்றதென 1998இல் அறியப்பட்டது. அது புதிய பெருந்திரட்சிகளின் தோற்றத்தை மேலும் தடுக்கின்றது.

ஆகவே திரளொன்றின் பருமனும் செறிவும் விண்மீன் பிறப்பும் என்றென்றைக்குமென வகுக்கப்பட்டவையல்ல. அவை வரலாற்றின் விளைவுகள். எக்காலத்தில் தோன்றியது, எச்சூழலில் வளர்ந்தது என வினவாமல் அவற்றின் இயல்பை விளக்கவியலாது. மலையகப் பாடசாலைகளில் இதனைத் தமிழில் கற்பிக்க முற்படுவோருக்கு, முதலிரு சான்றுகளும் அம்மலைகளின் வானிலேயே உள்ளன.