பக்கத்து காலேஜோடு ஏன் மோதுவதில்லை?

போடிநாயக்கனூரில் ஏலக்காய் விவசாயிகள் சங்கம் நடத்தும் கல்லூரி இருக்கிறது. சி.பி.ஏ. காலேஜ் என்று கேட்டால்தான் ஊருக்குள் வழி சொல்வார்கள். அதே ஊரில் அரசு பொறியியல் கல்லூரியும் இருக்கிறது. இரண்டிலும் கபடி, வாலிபால் ஆடும் பிள்ளைகள் உண்டு. ஆனால் பல்கலைக்கழகங்கள் நடத்தும் இன்டர் காலேஜ் போட்டிகளில் இவர்கள் ஒருவரோடு ஒருவர் மோத வழியே கிடையாது. சி.பி.ஏ. ஆடுவது மதுரை காமராசர் பல்கலைக்கழக அட்டவணைப்படி. பொறியியல் கல்லூரிக்கு அண்ணா பல்கலைக்கழகத்தின் மண்டல அட்டவணை.

தேனி மாவட்டம் முழுக்க இதே நிலைதான். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி, கோவை வேளாண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. அதே ஊரின் ஜெயராஜ் அன்னபாக்கியம் மகளிர் கல்லூரி, கொடைக்கானலில் உள்ள அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. மருத்துவக் கல்லூரி, கால்நடை மருத்துவக் கல்லூரி இரண்டுக்கும் தனித்தனிப் பல்கலைக்கழகங்கள். ஒரு மாவட்டத்துக்குள் ஆறு பல்கலைக்கழகங்களின் அட்டவணைகள் ஓடுகின்றன. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் ஓடுகின்றன.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டிலும் இப்படித் தனித்தனிக் கூட்டமைப்புகள் உண்டு. அவற்றை கான்ஃபரன்ஸ் என்கிறார்கள். ஆனால் தேவைப்பட்டால் இரண்டு கான்ஃபரன்ஸ்கள் உட்கார்ந்து பேசி, ஒன்றின் அணிகள் மற்றதன் அணிகளோடு ஆடும்படி அட்டவணை போட்டுக்கொள்கின்றன. பிக் டென், ஏ.சி.சி. என்ற இரண்டும் 1999 முதல் 2022 வரை கூடைப்பந்தில் ஆண்டுதோறும் இப்படி மோதின. பசிபிக் கரையோர கான்ஃபரன்ஸ் சிதறி, ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் இரண்டு மட்டும் எஞ்சியபோது, 2024 ஃபுட்பால் சீசனுக்கு மவுன்டன் வெஸ்ட் கான்ஃபரன்ஸோடு ஒப்பந்தம் போட்டு, ஆளுக்கு ஆறு ஆட்டங்களைப் பெற்றார்கள். எதிரணி கிடைக்காமல் ஒரு சீசன் வீணாகிவிடக் கூடாது என்ற பதற்றம் அவர்களுக்கு இருந்தது. அந்தப் பதற்றம் நமக்கும் வரவேண்டும்.

ஏனென்றால் இங்கே சீசன் ஆண்டுதோறும் வீணாகிறது. நம் போட்டிகள் பெரும்பாலும் நாக்-அவுட். பதினாறு அணிகள் கலந்துகொண்டால் பதினைந்து ஆட்டங்கள். அவற்றில் எட்டு அணிகளுக்கு முதல் ஆட்டமே கடைசி ஆட்டம். அதே பதினைந்து ஆட்டங்களை ஆறு அணிகளின் லீக்காக நடத்தினால் ஒவ்வொரு அணிக்கும் ஐந்து ஆட்டம் கிடைக்கும். மாதக்கணக்கில் காலையில் எழுந்து பிராக்டிஸ் செய்துவிட்டு, மதுரைப் பக்கம் போய் நாற்பது நிமிடம் ஆடித் தோற்றுத் திரும்புகிறவருக்கு இந்தக் கணக்கு நன்றாகவே புரியும்.

அதிலும் என்னை உறுத்துவது பெண்கள் அணிகளின் நிலை. பையன்கள் தோற்றாலும் ஊரில் பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் நடக்கும் டோர்னமென்ட்டில் ஆடிக்கொள்வார்கள். பெண்பிள்ளைகளுக்கு அந்த மைதானம் கிடையாது. கல்லூரி அணி ஒன்றுதான் அவர்களுக்கு வாய்ப்பு. அந்த அணி வெளியூர் போகவேண்டுமென்றால் விடியற்காலையில் கிளம்பவேண்டும். 90 கிலோமீட்டர் மதுரை ரயில் பாதை அகலப் பாதையாகி 2023 ஜூனில் போடிக்கு வண்டி மறுபடி வந்தது உண்மைதான். ஆனால் காலையில் மதுரையிலிருந்து வந்து மாலையில் போடியிலிருந்து திரும்பும்படி அந்தப் பயணிகள் ரயில் விடப்பட்டது. காலை மேட்ச்சுக்கு மதுரை போகும் பிள்ளைகளுக்கு அது எதிர்த்திசை. ஆகவே பஸ்தான். பரிசளிப்பு முடிந்து தேனிக்கு வந்து சேரும்போதே இருட்டிவிடும். அங்கிருந்து சிலமலைக்கோ ராசிங்காபுரத்துக்கோ போகிற பிள்ளைக்கு அதற்குமேல் ஒரு பஸ் வேண்டும். வீட்டில் ஒருமுறை சண்டை வரும். அடுத்த வருடம் அந்தப் பெண் பெயர் கொடுக்கமாட்டாள். வாலிபாலுக்கு ஆறு பேர் தேறாமல் அணியே இல்லாமல் போவது இப்படித்தான். திறமைக் குறைவு என்று பிறகு பெயர் வைத்துவிடுகிறோம்.

போடிக்கும் பெரியகுளத்துக்கும் இடையே ஒரு மணிநேரப் பஸ் பயணம். சி.பி.ஏ., பொறியியல் கல்லூரி, ஜெயராஜ் அன்னபாக்கியம், தோட்டக்கலைக் கல்லூரி ஆகிய நான்கும் சேர்ந்து, இங்கே ஒரு ஆட்டம் அங்கே ஒரு ஆட்டம் என்று லீக் வைத்தால் ஒவ்வொரு பெண்கள் அணிக்கும் ஆறு ஆட்டம். எல்லாரும் வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பலாம்.

இந்த ஆட்டங்களுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டா சர்டிஃபிகேட் மதிப்பு இருக்காது என்பார்கள். இல்லாமல் போகட்டும்; ஆட ஆட்டம் கிடைப்பதுதான் இங்கே நோக்கம். மாவட்ட அளவில் முதலமைச்சர் கோப்பை இருக்கிறதே என்றும் கேட்பார்கள். அதுவும் சில நாளில் முடிந்துவிடுகிற போட்டிதான்.

எப்போது நடத்துவது என்பதிலும் ஊருக்கேற்ற யோசனை வேண்டும். ஏலக்காய் எடுப்பு ஆகஸ்டில் தொடங்கி தை, மாசி வரை சுற்றுச்சுற்றாகப் போகும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. போடிமெட்டுச் சாலையில் மண் சரியும் காலமும் அதுதான். தோட்ட வேலைக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளைகள் நிறைய படிக்கும் ஊரில், எடுப்பு ஓயத் தொடங்கும் பிப்ரவரிச் சனிக்கிழமைகள்தான் தோது. மைதானமும் காய்ந்திருக்கும்.

மலைக்கு அந்தப் பக்கத்தையும் விட்டுவிட வேண்டியதில்லை. மூணாறு அரசுக் கல்லூரி, கோட்டயத்தில் உள்ள மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. அங்கே தமிழ் பேசும் எஸ்டேட் பிள்ளைகள் படிக்கிறார்கள். போடியிலிருந்து தினமும் விடியலில் ஜீப்புகள் பெண்களை ஏற்றிக்கொண்டு பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் ஏறி இடுக்கித் தோட்டங்களுக்குப் போகின்றன. ஏலக்காய் ஏலமும் போடி, புத்தடி என இரு மாநில ஊர்களிலும் நடக்கிறது. வியாபாரத்துக்கு எல்லை தடையாக இல்லாதபோது ஒரு வாலிபால் அணி ஏறி இறங்குவது பெரிய காரியமில்லை.

ஒன்றை மட்டும் அமெரிக்கர்களைப் பார்த்துத் தவிர்க்கலாம். 2021 ஆகஸ்டில் மூன்று கான்ஃபரன்ஸ்கள் எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் கூட்டணி அறிவித்தன. மறு ஆண்டு ஜூனிலேயே, அவற்றில் ஒன்றைச் சேர்ந்த லாஸ் ஏஞ்சலீஸ் பல்கலைக்கழகங்கள் இரண்டு, அதே கூட்டணியில் இருந்த இன்னொரு கான்ஃபரன்ஸுக்கே தாவப்போவதாக அறிவித்தன. ஆகவே நான்கு கல்லூரிகளின் உடற்கல்வி இயக்குநர்களும் முதல்வர்களும் ஜூன் மாதமே கூடி, தேதி, மைதானம், நடுவர் பேட்டா, ஆடுகிற பிள்ளைகளுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி வருகைப்பதிவு) உண்டா என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். தொடக்கம் பெண்கள் வாலிபாலாக இருக்கட்டும்.