பழைய கோயில் சுவருக்கு சிமென்ட் ஏன் ஆகாது? காஞ்சிபுரம் சொல்லும் சுண்ணாம்புக் கணக்கு

காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலுக்குப் போனால், பிராகாரத்தைச் சுற்றியுள்ள சின்னச் சின்ன சன்னதிகளுக்குள் எட்டிப் பாருங்கள். சில சுவர்களில் மங்கலான வண்ணங்களும் கோடுகளும் தெரியும். பல்லவர் கால ஓவியங்களின் மிச்சம் அவை. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கட்டிய இந்தக் கோயிலில் இப்படி ஓவியங்கள் இருப்பதை, 1931-ல் பிரெஞ்சு அறிஞர் ஜூவோ துப்ராய் வெளிக்கொண்டு வந்தார்.

சுமார் 1,300 ஆண்டுகளாக அந்த வண்ணங்களைத் தாங்கி நிற்பது சுண்ணாம்புப் பூச்சு. வெற்றிலையில் தடவுகிறோமே, அதே சுண்ணாம்புதான்!

கல் எப்படி சுண்ணாம்பாகிறது?

சுண்ணாம்புக்கல், கிளிஞ்சல் இரண்டுமே பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். மெக்னீசியம் போலவே கால்சியமும் 'கார மண் உலோகம்' என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். இந்தக் கல்லைக் காளவாயில் சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுட்டால், அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடும். 100 கிலோ சுத்தமான கல்லில் 44 கிலோ வாயுவாகப் போய்விட, மிஞ்சுவது 56 கிலோ கால்சியம் ஆக்சைடு. இதுதான் சுட்ட சுண்ணாம்பு. இதை உருக்க 2,500 டிகிரிக்கும் மேல் வெப்பம் வேண்டும்.

ஆனால் இதன் மேல் தண்ணீர் பட்டால் போதும், அடுப்பே இல்லாமல் கொதிக்கும். ஆவி பறக்க, கட்டி வெடித்து மாவாகிவிடும். இப்போது அது கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றிய சுண்ணாம்பு.

பட்டுக்கு ஏன் பகை?

நீற்றிய சுண்ணாம்பு தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. ஒரு லிட்டரில் சுமார் 1.7 கிராம்தான். சர்க்கரை சூட்டில் அதிகம் கரையும். இது நேர்மாறு, சூடாக்கினால் இன்னும் குறைவாகவே கரையும். கரைந்த கொஞ்சமே பிஎச் அளவை 12-க்கு மேல் கொண்டுபோய்விடும். அவ்வளவு காரத்தன்மை! பட்டு இழை என்பது புரதம். வலுவான காரம் புரதத்தை அரிக்கும். அதனால் காஞ்சிப் பட்டில் வெற்றிலைச் சுண்ணாம்பு பட்டால் அப்படியே விட்டுவிடக் கூடாது. கண்ணில் பட்டால் ஆபத்து இன்னும் அதிகம். உடனே நிறைய சுத்தமான தண்ணீரால் கழுவிக்கொண்டே இருந்து, டாக்டரிடம் போக வேண்டும்.

மறுபடியும் கல்!

சுவரில் பூசிய சுண்ணாம்பு, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெல்ல இழுத்து மீண்டும் கால்சியம் கார்பனேட்டாகிறது. காளவாயில் இழந்ததைக் காற்றிலிருந்து திரும்ப வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். தெளிந்த சுண்ணாம்பு நீரில் குழாய் வழியாக ஊதினால் பால் போல வெளுக்குமே, அதே வினைதான் இது. ஆனால் சுவரில் இது வெளியிலிருந்து உள்நோக்கி நகரும். கனமான பூச்சு முழுதாக இறுக மாதங்கள், சில நேரம் ஆண்டுகள்கூட ஆகும்.

சிமென்டும் சுண்ணாம்புக்கல்தானே?

உண்மைதான். 1824-ல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்ற போர்ட்லண்ட் சிமென்டின் மூலப்பொருளும் சுண்ணாம்புக்கல்லே. ஆனால் இன்றைய சிமென்டுக்கு அதைக் களிமண்ணோடு சேர்த்து சுமார் 1,450 டிகிரியில் சுடுகிறார்கள். அது தண்ணீரோடு வினைபுரிந்து சில மணி நேரத்தில் இறுகும். வேலை சட்டென்று முடியும். சிக்கல் பிறகுதான் தெரியவரும்.

சுண்ணாம்புப் பூச்சில் நுண்துளைகள் அதிகம். சுவருக்குள் ஏறும் ஈரம் அதன் வழியே வெளியேறிவிடும். சிமென்ட் இறுக்கமானது, ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும். அந்த ஈரத்தில் கரைந்த உப்புகள் கல்லுக்குள் படிகமாகி, அதை உள்ளிருந்தே உடைக்கும். கைலாசநாதர் கோயில் பெரும்பாலும் மணற்கல்லால் ஆனது. அந்த மென்மையான கல்லுக்கு இது பெரிய ஆபத்து. கல் உதிர்ந்தால் அதன் மேலுள்ள பூச்சும் போகும், ஓவியமும் போகும்.

சுண்ணாம்புக் கலவையில் கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்ப்பது நம்மூர் வழக்கம். அதை ஊறவைக்க, அரைக்க, காய விட நாள் பிடிக்கும். கும்பாபிஷேகத் தேதி நெருங்கும்போது முதலில் வெட்டு விழுவது இந்த நாட்களுக்குத்தான். உங்கள் ஊர்ப் பழைய கோயிலில் திருப்பணி நடந்தால் இரண்டே கேள்வி கேளுங்கள்: கலவையில் சிமென்ட் இருக்கிறதா? சுண்ணாம்பு எத்தனை நாள் ஊறியது?