மேலுக்கு முடியலையா? இரத்த சோகையாக இருக்கலாம்



நிலக்கோட்டைப் பக்கம் விடியுமுன் மல்லிகைப் பூ எடுக்கப் போகும் பெண்கள், வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் ஷிப்டு பார்க்கும் பெண்கள், சின்னாளபட்டியில் தறி வீடுகளில் வேலை செய்யும் பெண்கள் ஆகியோரிடம் அடிக்கடி ஒரு பேச்சைக் கேட்கலாம். "என்னமோ மேலுக்கு முடியலைங்க. எந்திரிச்சா கிறுகிறுன்னு வருது." வீட்டில் உள்ளவர்கள் இதைச் சோம்பல் என்பார்கள், அல்லது வெயில் என்பார்கள். பல பேருக்கு உண்மைக் காரணம் இரத்த சோகை. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 53 பேருக்கு இக்குறை இருந்தது.

இரத்த சோகை என்றால் என்ன?

இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் பொருளுக்கு ஹீமோகுளோபின் என்று பெயர். நாம் இழுக்கும் மூச்சிலுள்ள பிராணவாயுவை உடம்பெங்கும் சுமந்து செல்வது இதுதான். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி மூட்டை மலையாகக் கிடக்கிறது, லாரியோ பாதிதான் வந்திருக்கிறது என்று வையுங்கள். இருக்கிற லாரியே இரண்டு நடை ஓட வேண்டும். அதுபோல, ஹீமோகுளோபின் குறைந்தால் இருதயம் வேகமாக அடித்து ஈடுகட்டப் பார்க்கிறது. நெஞ்சு படபடப்பதும் மூச்சு வாங்குவதும் இதனால்தான்.

100 மில்லி இரத்தத்தில் ஆணுக்கு 13 கிராம், பெண்ணுக்கு 12 கிராம், கர்ப்பிணிக்கு 11 கிராம் ஹீமோகுளோபினாவது இருக்க வேண்டும். கர்ப்பிணிக்கு 7க்குக் கீழே போனால் ஆபத்து.

அறிகுறிகள் என்ன?

கீழ் இமையின் உட்புறம், நாக்கு, நகம், உள்ளங்கை வெளுத்துப் போதல். சிறு வேலைக்கும் களைப்பு, மூச்சு இரைப்பு. தலைசுற்றல், படபடப்பு. நகம் குழிந்து கரண்டி போல் ஆதல். மண், சாம்பல், பச்சரிசி தின்ன ஆசை வருதல். "மசக்கைக்கு மண்ணு திங்கத்தான் செய்வா" என்று விட்டுவிடாதீர்கள்.

ஏன் வருகிறது?

முதற் காரணம் இரும்புச் சத்துக் குறைவு. அரிசிச் சோறும் ரசமும் மட்டும் வயிற்றை நிரப்பும். இரத்தம் ஊறப் போதாது. வீட்டில் எல்லோரும் சாப்பிட்டபின் மிச்சத்தைச் சாப்பிடும் பெண்ணுக்குக் கீரையும் பயறும் எங்கே கிடைக்கும்?

இரண்டாவது, இரத்தம் வெளியேறுதல். மாதவிடாயில் அதிகப் போக்கு, மூலம், குடற்புண் இவற்றால் குறையும். வெறுங்காலோடு அசுத்த மண்ணில் நடந்தால் கொக்கிப் புழு தோல் வழியே புகுந்து, குடலில் ஒட்டி இரத்தம் குடிக்கும்.

மூன்றாவது, அடுத்தடுத்துப் பிரசவம். ஒரு கர்ப்பத்துக்குச் சுமார் 1,000 மில்லிகிராம் இரும்பு செலவாகிறது. அந்தக் குறை தீருமுன் அடுத்த கரு தங்கினால் தாய் எதை வைத்துக் கொடுப்பாள்? ஆகவே குழந்தைக்குக் குழந்தை மூன்றாண்டு இடைவெளி விடுங்கள்.

கர்ப்பிணிக்கு ஏன் இவ்வளவு எச்சரிக்கை?

சுகப் பிரசவத்திலேயே அரை லிட்டர் வரை இரத்தம் போகலாம். நல்ல இரத்தமுள்ள தாய் தாங்கிக்கொள்வாள். ஏற்கெனவே வெளுத்திருப்பவள் அதற்கே துவண்டுவிடுவாள். குறைமாதக் குழந்தை, எடை குறைந்த குழந்தை பிறக்கவும் இது காரணமாகிறது.

ஒரு கிராமத்தில் ஒரு கர்ப்பிணியிடம் மாதந்தோறும் "மாத்திரை சாப்பிடுறியாம்மா?" என்று கேட்டு வந்தேன். "சாப்பிடுறேங்க" என்பாள். எட்டாம் மாதம் 6 கிராம். அரிசிப் பானைக்குப் பின்னால் மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் கிடந்தன. "பிள்ளை கறுத்துப் பொறக்கும்னு அத்தை சொன்னாங்க" என்றாள். மாமியாரிடம் ஒரு வார்த்தை பேசாதது என் தவறு. பெரிய ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றி, தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அன்று முதல் மாமியாரையும் கணவரையும் உட்கார வைத்துத்தான் பேசுகிறேன்.

மாத்திரை பற்றிய பயம் வேண்டாம்

மாத்திரையால் பிள்ளை கறுக்காது. நிறம் தாய் தகப்பன் வழி வருவது. மலம் கறுப்பாகப் போவது சகஜம். குமட்டினால் இரவு சாப்பாட்டுக்குப் பின் சாப்பிடலாம். டீ, காபியோடு சாப்பிடக் கூடாது. நம் ஊர்த் தோல் ஷாப்புகளில் பதனிடப் பயன்பட்ட ஆவாரம்பட்டையின் துவர்ப்பைப் போன்ற ஒன்று தேயிலையிலும் உண்டு. அது இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் வேறு வேளையில் சாப்பிடுங்கள்.

கர்ப்பிணிகள் நான்காம் மாதம் முதல் தினம் ஒன்றாக 180 நாளும், பிரசவத்துக்குப் பின் 180 நாளும் சாப்பிட வேண்டும். வளரும் பெண்களுக்கு வாரம் ஒன்று.

என்ன சாப்பிடலாம்?

முருங்கைக் கீரை, கம்பு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, எள்ளு. அசைவம் உண்போர் ஈரல், சுவரொட்டி, மீன் சேர்க்கலாம். கூடவே நெல்லிக்காய், எலுமிச்சை, ஆயக்குடிக் கொய்யா ஏதேனும் ஒன்று இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். பீட்ரூட் நல்ல காய்தான். ஆனால் நிறம் சிவப்பு என்பதால் மட்டும் இரத்தம் ஊறிவிடாது. பிரசவித்தவளுக்குப் பத்தியம் என்று கீரையையும் பயறையும் நிறுத்தாதீர்கள்.

செய்ய வேண்டியது

1947இல் டாக்டர் சௌந்தரம் அம்மையார் சின்னாளபட்டியில் இரண்டு படுக்கைகளோடு மருத்துவமனை தொடங்கினார். அதுவே வளர்ந்து காந்திகிராமம் கஸ்தூரிபா மருத்துவமனை ஆயிற்று. அந்தக் காலத்தில் ஒரு பரிசோதனைக்கு வெகுதூரம் போக வேண்டும். இன்று உங்கள் ஊர்த் துணை சுகாதார நிலையத்திலேயே விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்துவிடலாம். செலவில்லை. பள்ளியிலும் அங்கன்வாடியிலும் தரும் பூச்சி மாத்திரையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் செய்யுங்கள். கழிப்பறையைப் பயன்படுத்துங்கள், காலில் செருப்புப் போடுங்கள்.

குடும்பத் தலைவர்களே, இன்று இரவு உங்கள் வீட்டுப் பெண்ணின் கீழ் இமையைச் சற்று இழுத்துப் பாருங்கள். வெளுத்திருந்தால் நாளைக் காலையே நர்ஸ் அம்மாவிடம் அழைத்துப் போங்கள். வெளுக்காமல் இருந்தும் களைப்பு நீடித்தால், அப்போதும் பரிசோதித்துக்கொள்வது நல்லது.