கண்காணிப்புக் கமராவும் கணினிப் பதிவும்

திருக்குறளின் 58 ஆம் அதிகாரத்துக்குக் கண்ணோட்டம் என்று பெயர். அதனை அடுத்து நிற்கும் 59 ஆம் அதிகாரம் ஒற்றாடல். இரண்டும் கண்ணின் தொழில்களே. முன்னையது கண்டார்மேல் இரக்கங்கொள்ளுதல். பின்னையது காணப்படுவோர் அறியாவண்ணம் கண்டு வருதல். இவ்விரண்டையும் வகுப்பிலே அடுத்தடுத்துப் படிப்பித்துவருகின்ற தமிழாசிரியனாகிய எனக்கு, இக்காலத்து ஒற்றனாகிய கண்காணிப்புக் கமராவோடு பழக்கம் ஏற்பட்டது என் விருப்பத்தினால் அன்று. ஒரு மாணவனுக்கு நேர்ந்த தீங்கினால் ஏற்பட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் குடாநாட்டுப் பாடசாலையொன்றிற் கடமையாற்றிக்கொண்டிருந்தேன். அங்கே கணினி அறையிலிருந்த புரொஜெக்டர் ஒருநாட் காலையிற் காணப்படவில்லை. பதிவுப் பெட்டியைத் திறந்து பார்த்தனர். முதல்நாட் பின்னேரம் 5.32 மணிக்குப் பதினோராந் தர மாணவன் ஒருவன் அவ்வறையினுட் புகுந்து, பையொன்றுடன் வெளியேறுவது தெளிவாகத் தெரிந்தது. விவாதப் பயிற்சிக்காக நின்றபொழுது, மறந்துவிட்ட பையை எடுக்க மூன்று மணிக்குப் போனதாக அவன் சொன்னான். மூன்று மணிக்கு அவனை அனுப்பியவன் நானே. ஆயினும் ஐந்தரைக்கு இன்னுமொருமுறை போயிருக்கின்றானே என்றுதான் நானும் எண்ணினேன். கமரா பொய் சொல்லுமா என்று எல்லாருங் கேட்டனர். அவன் தந்தையார் அவனை வேறு பாடசாலைக்குக் கொண்டுபோய்விட்டார்.

எட்டாம் நாள், மனம் அமைதியுறாமல், அன்று மூன்று மணிக்குரிய பதிவு எங்கே என்று தேடினேன். அன்றைய பதிவு முழுவதும் அழிந்துபோயிருந்தது. இருந்த நாட்களில் ஒன்றை எடுத்து மூன்று மணிக் காட்சியைப் போட்டுப் பார்த்தேன். அறை நிறையப் பிள்ளைகள், வகுப்பு நடந்துகொண்டிருந்தது! பாடசாலையோ ஒன்றரை மணிக்கு முடிவது. பெட்டியின் கடிகாரம் இரண்டரை மணி முந்தி ஓடியது. பழுதுபார்க்க வந்தவர் ஒருவர் அதன் அமைப்புக்களைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிவிட்டுப் போக, அது செய்யப்பட்ட சீன தேசத்தின் நேரத்தையே காட்டிக்கொண்டிருந்திருக்கின்றது. பையன் போனது மூன்று மணிக்கே. அவன் போனபின் அவ்வறைக்கு யார் வந்தார் என்பதை ஒருவரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டுமென்று எண்ணியபொழுது பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. அப்பெட்டி ஆறு நாளைப் பதிவையே வைத்திருக்கவல்லதாக இருந்தது.

இத்துயரத்தின் பின்னரே, காட்சி எவ்வாறு பதிவாகின்றது, எவ்வாறு பதிவாகாமற் போகின்றது என்பவற்றைக் கற்க முற்பட்டேன். நம் கல்லூரி நூல்நிலையத்துக்குப் பழைய மாணவர் இருவர் சாதாரண கணினியொன்றைக் கொண்டு பதிவுப் பொறி அமைத்தபொழுது, வயர் பிடிப்பவனாக உடனிருந்து அறிந்தவற்றையும் ஈண்டு எழுதுகின்றேன்.

தூரத்திலுள்ளதைக் கம்பிவழியே காணும் முறை பழையது. 1942 ஆம் ஆண்டில் ஜேர்மனியர் பீனமுண்டே என்னுமிடத்தில் ஏவுகணை ஏவுவதைப் பாதுகாப்பான தூரத்திலிருந்து பார்ப்பதற்கு இதனைக் கையாண்டனர். அக்காட்சி பார்த்தவர் கண்ணோடு போயிற்று. பின்னர் வீடியோ நாடா வந்தது. மூன்று மணி நேர நாடாவில் ஒருநாள் முழுவதையும் அடக்குவதற்கு இடையிடையே படங்களை விட்டுவிட்டு எடுத்தார்கள். கள்வன் ஒரு படத்தில் மதிலின்மேலும் அடுத்த படத்தில் ஒழுங்கையிலும் நிற்பான். கணினி இத்துறையிற் புகுந்த வரலாறு சிறிது நகைப்புக்குரியது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கணினி ஆய்வாளர், கோப்பிப் பாத்திரம் வெறுமையாய் இருக்கின்றதா என்று படியேறி இறங்காமல் அறிவதற்காக 1991 இல் அதன்முன் ஒரு கமராவை வைத்துக் கணினியோடு இணைத்தனர். 2002 இல் இங்கிலாந்தில் பிலிப் கூம்ப்ஸ் என்பவர், தம் கொட்டகையிலிருந்த கருவிகள் களவுபோனமையால், கணினியிலே கமராக் காட்சிகளைப் பதியும் சோன்மைண்டர் என்னும் மென்பொருளை ஆக்கினார். எவரும் இலவசமாகப் பெற்றுத் திருத்திக்கொள்ளக்கூடிய அதனையே எங்கள் பழைய மாணவரும் தெரிந்தெடுத்தனர்.

இனி, பொறியின் அமைப்பைக் காண்போம். கமரா காண்கின்ற ஒரு படம், கிடையாக 1920 உம் நெடுக்காக 1080 உம் ஆகிய புள்ளிகளால் ஆனது. ஏறக்குறைய 20 இலட்சம் புள்ளிகள். விநாடிக்கு 25 படங்களை உள்ளபடியே வைக்கப்புகுந்தால் சாதாரண வன்தட்டு சில மணி நேரத்தில் நிரம்பிவிடும். ஆகவே கமராவினுள் இருக்கும் நுண்கருவி ஒரு படத்தை முழுவதும் எழுதி, அதன்பின் வருவனவற்றில் மாறிய பகுதியை மாத்திரம் எழுதுகின்றது. கிராமபோன் தட்டில் ஒரே பல்லவி திரும்ப வரும்போது, அதனை மீண்டும் எழுதாமல் 'பல்லவி' என்று மட்டும் குறிக்கும் பாட்டுப் புத்தகத்தை ஒத்தது இம்முறை. இவ்வாறு சுருங்கியபின் ஒரு கமராவுக்கு விநாடிக்கு 4 மெகாபிற்று போதுமானது.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 8 பிற்று ஒரு பைற்று. ஆகவே விநாடிக்கு அரை மெகாபைற்று. ஒரு நாளுக்கு 86,400 விநாடி. எனவே ஒரு கமரா நாளொன்றுக்கு 43 கிகாபைற்றுக்குச் சற்றுக் கூடுதலாக எழுதும். எட்டுக் கமரா இருப்பின் 345. விற்பவர் 'பெரிய தட்டு' என்று தரும் 4,000 கிகாபைற்று வன்தட்டு பதினொன்றரை நாளில் நிரம்பும். ஒரு மாதப் பதிவு வேண்டுவோர் 10,000 கிகாபைற்றுக்கு மேல் வாங்கவேண்டும், அல்லது தெளிவைக் குறைக்கவேண்டும். கமரா எத்தனை என்று கேட்டு வாங்குவோர் பலர். எத்தனை நாள் என்று கேட்போரைக் காண்பது அரிது.

தெளிவுக்கும் அளவுண்டு. முன்பின் அறியாத ஒருவரின் முகத்தை அடையாளங்காண, அவர் நிற்குமிடத்தில் ஒரு மீற்றர் அகலத்துக்கு 250 புள்ளிகளாவது வேண்டும் என்பது இத்துறையார் வகுத்த அளவு. 1920 ஐ 250 ஆற் பிரித்தால் ஏழரை மீற்றருக்குச் சற்று மேல் வரும். ஆகவே வாயிலுக்கு ஒரு கமரா போதும். விளையாட்டு மைதானம் முழுவதுக்கும் ஒரே கமரா என்றால், அங்கே யாரோ நடக்கின்றார் என்பதற்கு மேல் ஒன்றும் அறியமுடியாது.

கணினியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எங்கள் பொறி முதலில் நான்கு கமராக்களோடு நன்றாக இயங்கியது. ஐந்தாவதைச் சேர்த்தவுடன் படம் நின்று நின்று ஓடியது. ஒவ்வொரு படத்தையும் விரித்து, ஆராய்ந்து, மீண்டுஞ் சுருக்கி எழுதும்படி அதனை அமைத்திருந்தமையே காரணம். கமரா அனுப்புவதை அப்படியே வன்தட்டில் எழுதவிட்டு, அசைவு உண்டா என்று பார்ப்பதற்கு அக்கமராவே தரும் சிறிய இரண்டாம் படத்தைப் பயன்படுத்தியபின் எட்டையும் அதே பழங்கணினி தாங்கியது.

அசைவைக் கண்டால் மாத்திரம் பதிவதென்பது இடத்தைச் சேமிக்கும் வழி. ஆனால் நம் நாட்டுக்கு முற்றும் ஒத்துவருவதன்று. சோளகக் காற்று எழுந்தவுடன் நூல்நிலையத்தின் பின்வளவிலுள்ள பனைகள் இரவும் பகலும் ஓலையசைக்கத் தொடங்கின. பொறி அவற்றையெல்லாம் விடாமற் பதிந்தது. பையனுடைய வழக்கில் ஆறு நாளிற் பதிவு அழிந்ததற்கும் பனையோலையே காரணமாக இருந்திருக்கலாம். படத்தில் மரத்தின் பகுதியை ஆராய்ச்சிக்குப் புறம்பாக்கி வரைந்தபின் அத்தொல்லை நீங்கிற்று. இரவில் வேறொரு பகை: கமராவைச் சூழ்ந்த செந்நிறக்கீழ் விளக்கின் சூட்டையும் பூச்சிகளையும் நாடி வரும் சிலந்தி. அதன் ஒற்றை இழை வில்லையின் முன் வெள்ளைக் கயிறுபோலத் தோன்றும். இதற்கு மருந்து ஈர்க்குக் கட்டேயன்றி வேறில்லை.

பழுது தேடுவதில் எங்களை மிக அலைக்கழித்தது பின்வளவுக் கமரா. பகலில் நன்றாகக் காட்டும். பொழுதுபட்டுச் சிறிது நேரத்தில் அணைந்துவிடும். விடிந்தால் தானே உயிர்க்கும். கமராவை மாற்றினோம், மென்பொருளை மாற்றினோம், பயனில்லை. ஈற்றில் மின்மானியைக் கொண்டுபோய் இரவில் அளந்தபொழுதே உண்மை வெளிப்பட்டது. 60 மீற்றர் தூரத்துக்கு மெல்லிய வயரில் 12 வோல்ற்று அனுப்பியிருந்தோம். இரவு விளக்கு எரியாதபொழுது ஓடும் மின் சிறிது. ஆதலின் இழப்பும் சிறிது. விளக்கு எரிந்தவுடன் மின்னோட்டம் இருமடங்காகி, வழியிலே இரண்டு வோல்ற்று அழிந்து, கமராவுக்குப் பத்தே சென்றது. தடித்த வயர் போட்டதும் தீர்ந்தது. பெரும்பாலான கோளாறுகள் இவ்வாறே கணினிக்கு வெளியில் இருப்பன. பருத்தித்துறை, கீரிமலைப் பக்கத்தார் உப்புக்காற்றினால் இணைப்புக்கள் பச்சை பூத்துப் படம் மங்குவதை அறிவர். படத்திலே கிடைக்கோடுகள் மெல்ல மெல்ல மேலேறினால், இரு முனையிலும் வெவ்வேறு நிலத்தொடுப்பு உண்டென்று ஐயுறுக.

நிற்க. மின்சாரத்தைப் பற்றி யாழ்ப்பாணத்தாருக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. 1990 இன் பின் ஜாம் போத்தல் விளக்கிற் படித்து வளர்ந்தவன் யான். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டையும் கண்டோம். 09-02-2025 அன்று பாணந்துறை உபநிலையத்திலே ஒரு குரங்கு புகுந்ததனால் இலங்கை முழுவதும் இருண்டது. எழுதிக்கொண்டிருக்கையில் மின் நின்றால் வன்தட்டிலுள்ள பதிவுகளின் அட்டவணை சிதையும். காட்சி இருந்தும் தேடி எடுக்கமுடியாது போகும். ஆகவே கணினிக்கு யு.பி.எஸ். வேண்டும், அதனிலும் முக்கியமாக, பற்றறி தீருமுன் கணினி தானே முறையாக மூடிக்கொள்ளும்படி இரண்டையும் கம்பியால் இணைத்தல் வேண்டும். கணினியினுள் இருக்கும் நாணயமளவான பற்றறி செத்திருந்தால், மின் வந்தவுடன் கடிகாரம் பல ஆண்டு பின்னே போய்விடும் என்பதையும் மறத்தலாகாது. 1996 இல் நாட்டின் கடிகாரம் முன்தள்ளப்பட்டபொழுது வன்னியிற் பழைய நேரமும் யாழ்ப்பாணத்திற் புதிய நேரமுமாக வாழ்ந்த எங்களுக்கு, ஒரே கணத்துக்கு இரு மணி உண்டென்பது புதுமையன்று. பெட்டியைப் பார்க்கும்போதுதான் அது நினைவுக்கு வருவதில்லை.

வன்தட்டு நிரம்பினால் யாது நிகழும்? பழையவற்றை அழிக்கும் விதியை அமையாவிடின், பதிவு அன்றோடு நின்றுவிடும்; திரையிலே காட்சி ஓடிக்கொண்டிருப்பதால் ஒருவரும் அறியார். விதியைத் தவறாக அமைத்தாலோ அதனினும் கேடு. தமிழ்நாட்டிலே தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளத்தில் 2020 ஜூன் 19 இல் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட தந்தையும் மகனும் சில நாட்களுள் இறந்தனர். விசாரணைக்குச் சென்ற நீதித்துறை நடுவர், அந்நிலையத்து வன்தட்டில் 1,000 கிகாபைற்று இடமிருந்தும், பதிவுகள் நாள்தோறுந் தாமே அழியும்படி அமைக்கப்பட்டிருந்தன என்று உயர் நீதிமன்றத்துக்கு அறிவித்தார். அந்த இரவின் காட்சி இல்லை. அவ்வாண்டு டிசம்பர் 2 ஆந் திகதி இந்திய உச்ச நீதிமன்றம், எல்லாப் பொலிஸ் நிலையங்களிலும் கமரா வைத்து, பதிவை 18 மாதமும், அதற்கு வழியில்லையேல் குறைந்தது ஓராண்டாவதும் காக்கவேண்டுமென்று கட்டளையிட்டது. ஒரு சிறிய அமைப்பு எண் மனிதவுயிருக்குச் சாட்சியாகவும் சாட்சியின்மையாகவும் ஆகுமென்பதற்கு இதனிற் கொடிய உதாரணத்தை யான் அறியேன்.

மறுபுறமும் உண்டு. அளவுக்கு மிஞ்சிக் காண்பதும் தீங்கே. காவலரண்களிலிருந்து பல்லாண்டு பார்க்கப்பட்ட மக்கள் நாம். பார்க்கப்படுதலின் கூச்சம் எமக்குத் தெரியும். வகுப்பறையினுள்ளும், ஆசிரியர் ஓய்வறையிலும் கமரா வேண்டாமென்று நாங்கள் தீர்மானித்தோம். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இலங்கையில் நிறைவேறியிருப்பதால், பிள்ளைகளின் முகங்கள் விளையாட்டுப் பொருள்கள் அல்ல என்பதை நிருவாகத்தார் உணர்தல் வேண்டும். பெட்டியோடு வரும் கடவுச்சொல்லை மாற்றாமல் விடுவதும் பிழை. 2016 இல் 'மிராய்' என்னுந் தீநிரல் அவ்வாறு விடப்பட்ட எண்ணற்ற கமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் பிடித்து, பெரும் இணையத்தளங்களை முடக்கியது.

ஓர் ஒற்றன் சொன்னதை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கவேண்டுமென்று ஒற்றாடல் அதிகாரத்திலே வள்ளுவர் விதிக்கின்றார். அப்பையனின் பொருட்டு நாங்கள் அவ்விதியைச் செய்யவில்லை. இப்பொழுது நூல்நிலையத்துப் பொறியின் பக்கத்தில் ஆணியொன்றில் ஒரு கொப்பி தொங்குகின்றது. திங்கட்கிழமை தோறும் இரு மாணவர் வருவர். ஒருவன் வானொலி மணியோடு கடிகாரத்தை ஒப்பிடுவான். மற்றவன் ஒவ்வொரு கமராவிலும் முதல்நாளிரவின் காட்சியொன்றை எடுத்து ஓட்டிப் பார்த்து, வன்தட்டிலுள்ள மிகப் பழைய பதிவின் திகதியைக் குறிப்பான். சென்ற திங்களுக்கு நேரே, 'கடிகாரம் 4 விநாடி பிந்தியது, திருத்தினோம். மூன்றாங் கமராவிற் சிலந்தி' என்று எழுதியிருக்கின்றது.