மேற்பெருஞ்சிரை அடைப்பும் ஸ்டென்ட் மருத்துவமும்

தலை, கழுத்து, கைகள், மேல்மார்பு ஆகிய பகுதிகளிலிருந்து திரும்பும் குருதியை இதயத்தின் வலது மேலறையில் சேர்ப்பது மேற்பெருஞ்சிரை ஆகும். (தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘சிரை’ என்பதை இலங்கைப் பாடநூல்கள் ‘நாளம்’ என வழங்கும்.) இதன் சுவர் மெல்லியது, உள்ளழுத்தம் குறைவு, நிணநீர் முடிச்சுகள் இதனைச் சூழ்ந்துள்ளன. எனவே, நுரையீரல் புற்றுக்கட்டியோ நிணநீர்ப் புற்றுக்கட்டியோ அவ்விடத்தில் பருக்குமாயின் இச்சிரை எளிதில் நசுங்கிவிடுகிறது.

1757இல் வில்லியம் ஹன்டர் இந்நிலையை முதன்முதலாக விவரித்தபோது காரணமாயிருந்தது புற்றுநோயன்று. சிபிலிஸ் நோயால் புடைத்த பெருந்தமனியே ஆகும். இன்று பெரும்பாலானவற்றுக்குக் காரணம் புற்றுக்கட்டிகளே. முகமும் கழுத்தும் கைகளும் வீங்குகின்றன. படுத்தால் மூச்சுத்திணறல் மிகுவதால் நோயாளர் இரவை உட்கார்ந்தே கழிக்க நேர்கிறது. அடைப்பு மெல்ல உருவானால் மார்புச்சுவரின் சிறு சிரைகள் விரிந்து மாற்றுவழி அமைக்கும். விரைந்து உருவானால் அதற்குக் காலம் இராது. குரல்வளையோ மூளையோ வீங்கின் உயிருக்கே இடராகும்.

நெடுங்காலம் கதிர்வீச்சே இதற்குரிய அவசர மருத்துவமாகக் கருதப்பட்டது. அதன் பயன் தெரியச் சில நாள்களோ வாரங்களோ ஆகும். அன்றியும், திசு எடுப்பதற்குமுன் கதிர்வீச்சு அளித்தால் புற்றின் வகையை அறிவது கடினமாகலாம். வகை அறியாமல் உரிய மருந்தைத் தேர்தல் இயலாது. ஸ்டென்ட் முறையின் உண்மையான சிறப்பு இங்கேதான் உள்ளது. நோயாளரின் துன்பத்தை உடனே தணித்து, திசு ஆய்வுக்கும் அது காலம் தருகிறது.

சிரைகளில் விரியும் உலோக ஸ்டென்ட் பொருத்தியதன் தொடக்கநிலை முடிவுகள் 1986இல் ‘ரேடியாலஜி’ இதழில் வெளியாயின. தொடைச்சிரை அல்லது கழுத்துச்சிரை வழியே மெல்லிய கம்பி செலுத்தப்பட்டு, அடைப்பைக் கடந்தபின் அதன்மீது ஸ்டென்ட் கொண்டுசெல்லப்படுகிறது. பெரும்பாலும் உறுப்பளவு மயக்கமருந்தே போதுமானது. பலூனால் மட்டும் விரித்தால், வெளியிலிருந்து அழுத்தும் கட்டி சிரையை மீண்டும் நசுக்கிவிடும். நிக்கல்–டைட்டேனியம் கலவையாகிய நிட்டினால் வலை தானே விரிந்து அவ்வழுத்தத்தைத் தாங்கி நிற்கிறது. தலைவலி உடனேயும் முகவீக்கம் ஓரிரு நாள்களிலும் தணிவது வழக்கம்.

ரோவெல், கிளீசன் ஆகியோரின் 2002ஆம் ஆண்டுத் திறனாய்வு, ஸ்டென்ட் பெற்றோரில் 95 விழுக்காட்டினர் நிவாரணம் அடைந்ததாகவும் 11 விழுக்காட்டினருக்கு அடைப்பு மீண்டதாகவும் குறிப்பிடுகிறது. சிறுசெல் நுரையீரல் புற்றில் மருந்தாலோ கதிர்வீச்சாலோ நிவாரணம் பெற்றோர் 77 விழுக்காட்டினர். இவ்வெண்களை நேருக்குநேர் ஒப்பிடுதல் பொருந்தாது; நோயாளர் குழுக்கள் வேறுவேறானவை.

ஸ்டென்ட் இடம்பெயர்தல், உள்ளே குருதி உறைதல், அரிதாகச் சிரை கிழிந்து இதய உறைக்குள் குருதி கசிதல் ஆகியன இம்முறையின் இடர்கள். உறைவெதிர் மருந்தை எவ்வளவு காலம் தருவது என்பதில் மருத்துவர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.