ஓடிச் சேர்த்த ஒரு டொலர்

ஒருவர் வீதியில் ஓடுகிறார். அதற்காக மற்றவர்கள் ஏன் பணம் கொடுக்கிறார்கள்? அந்தப் பணம் எப்படிச் சேர்கிறது? நிவாரண வரிசையில் நின்று பழகிய நமக்கு இக்கேள்விகள் எழுவது இயல்பே. மூட்டை முடிச்சுகளுடன் நெடுந்தூரம் நடந்தவர்கள் நாம். நடந்ததற்காக நமக்கு யாரும் காசு தந்ததில்லை. ஆகவே கனடா நாட்டு இளைஞர் ஒருவரின் ஓட்டத்தை உதாரணமாக எடுத்து இதனை விளங்கிக்கொள்வோம்.

ஒற்றைக் காலுடன் ஓடியவர்

அந்த இளைஞரின் பெயர் டெரி பொக்ஸ். 1977 ஆம் ஆண்டு, 18 வயதில், அவருடைய வலது காலில் எலும்புப் புற்றுநோய் கண்டது. முழங்காலுக்கு மேலே கால் துண்டிக்கப்பட்டது. உயிர் பிழைக்க நூற்றுக்கு 50 வீதம் வாய்ப்பு உண்டு என்றார்கள் வைத்தியர்கள். இரண்டு வருடங்களுக்கு முன்னர் வந்திருந்தால் அது 15 வீதம் மட்டுமே என்பதையும் அவர் அறிந்துகொண்டார். இந்த வேறுபாட்டை உண்டாக்கியது ஆராய்ச்சி. ஆராய்ச்சிக்கு வேண்டியது பணம். வைத்தியசாலையில் தம்மோடு சிகிச்சை பெற்ற சிறுவர்களின் வேதனையைக் கண்ட அவர், அந்தப் பணத்தைத் தாமே ஓடிச் சேர்ப்பதென்று முடிவு செய்தார்.

நிலத்தைப் பண்படுத்தாமல் யாரும் விதைப்பதில்லை. டெரியும் அப்படியே. பொய்க்காலுடன் சிறிய தூரங்களில் தொடங்கி, ஒரு வருடத்துக்கு மேலாகப் பயிற்சி செய்தார். பயிற்சியில் ஓடிய தூரமே 5,000 கிலோ மீற்றரைத் தாண்டியது. 1979 ஒக்ரோபரில் கனடியப் புற்றுநோய்ச் சங்கத்துக்குத் தமது எண்ணத்தைக் கடிதமாக எழுதினார். உதவுவோரை நீரே தேடிக்கொள்ள வேண்டும், வைத்தியரின் அத்தாட்சியும் வேண்டும் என்றது சங்கம். வாகனம், எரிபொருள், சப்பாத்து ஆகியவற்றைக் கம்பனிகள் கொடுத்தன. ஆனால் எந்தப் பொருளுக்கும் விளம்பரம் செய்ய அவர் உடன்படவில்லை. நிபந்தனையோடு வந்த நன்கொடையையும் ஏற்கவில்லை.

ஆளுக்கு ஒரு டொலர்

1980 ஏப்ரல் 12 ஆம் திகதி, கனடாவின் கிழக்குக் கரையிலுள்ள சென் ஜோன்ஸ் நகரில், பொய்க்காலை அத்திலாந்திக் கடலில் நனைத்துவிட்டுப் புறப்பட்டார். நாளொன்றுக்குச் சுமார் 42 கிலோ மீற்றர் ஓட்டம். நண்பர் ஒருவர் வாகனத்தை ஓட்டிக்கொண்டு கூடவே போனார். விடியுமுன் எழுந்து ஓடுவார். பொய்க்கால் உராய்ந்து இரத்தம் கசியும்.

ஆரம்பத்தில் கவனித்தவர்கள் சிலரே. போர்ட் ஓ பாஸ்க் என்னும் சிறு துறைமுக ஊரில் சுமார் 10,000 பேர் வாழ்ந்தனர். அங்கு சேர்ந்த தொகையும் 10,000 டொலர். ஆளுக்கு ஒரு டொலர்! நாடு முழுவதும் இப்படிக் கொடுத்தால் என்ன? அப்போது கனடாவின் சனத்தொகை சுமார் 2 கோடி 40 இலட்சம். அதுவே அவருடைய இலக்காயிற்று.

இது நமக்குப் புதிய கணக்கல்ல. உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியை வேறாக எடுத்து வைத்து, கோயில் திருப்பணிக்கும் பள்ளிக்கூடக் கட்டடத்துக்கும் கொடுத்த வழக்கம் நம் ஊர்களில் இருந்ததே! ஒரு பிடி குறைந்ததால் எந்த வீடும் பட்டினி கிடக்கவில்லை. ஆனால் ஊர் கூடியபோது கட்டடம் எழும்பியது.

எல்லா இடத்திலும் வரவேற்புக் கிடைக்கவில்லை. கியூபெக் மாகாணத்தில் பலருக்கு அவரைத் தெரியாது. சில வாகனக்காரர் அவரை வீதியை விட்டே ஒதுக்கினர். ஒன்ராறியோவிலோ சனம் திரண்டது. ரொறன்ரோ நகரில் ஒரே நாளில் சுமார் ஒரு இலட்சம் டொலர் சேர்ந்தது.

ஓட்டம் நின்றது, கொடை நிற்கவில்லை

1980 செப்ரெம்பர் 1 ஆம் திகதி, தண்டர் பே நகருக்கு அருகே, நெஞ்சு வலியால் அவர் நின்றார். நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. 143 நாட்களில் 5,373 கிலோ மீற்றர் ஓடியிருந்தார். நாட்டின் மேற்குக் கரையை அடையவில்லை. ஆனால் 1981 பெப்ரவரியில் சேர்ந்த தொகை 2 கோடி 41 இலட்சம் டொலரை எட்டியது. ஆளுக்கு ஒரு டொலர் என்ற கணக்கு நிறைவேறியது. அவ்வருடம் யூன் 28 ஆம் திகதி, 22 வயதில், அவர் காலமானார்.

1981 செப்ரெம்பரில் அவர் பெயரால் நடந்த முதல் ஓட்டத்தில் சுமார் 3 இலட்சம் பேர் கலந்துகொண்டனர். ஓடலாம், நடக்கலாம், சக்கர நாற்காலியிலும் வரலாம். முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. அன்று தொடக்கம் புற்றுநோய் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த தொகை 85 கோடி டொலருக்கும் அதிகம்.

நமது நாட்டிலும் இவ்வாறு ஒன்று நடந்தது. 2011 யூலையில், தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை, 27 நாட்கள், சுமார் 670 கிலோ மீற்றர் தூரம் நடந்து, தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலைக்காக நிதி திரட்டினர். வழியெங்கும் பல இனத்தவரும் சேர்ந்து நடந்தார்கள்.

நாம் அறிய வேண்டியவை

ஓட்டம் தன்னால் பணத்தைக் கொண்டுவராது. 'இவர் நமக்காக வருத்தப்படுகிறார், நாம் கொடுப்பது உரிய இடத்துக்குப் போகும்' என்ற நம்பிக்கையே மடியை அவிழ்க்கச் செய்கிறது. உங்கள் ஊர் இளைஞர்கள் இப்படி ஒரு முயற்சியில் இறங்குவதானால் சிலவற்றைக் கவனியுங்கள்.

நோக்கம் ஒன்றாகவும் தெளிவாகவும் இருக்கட்டும். ஏழைக் குடும்பமும் கொடுக்கக்கூடிய சிறு தொகையைக் கேளுங்கள். கொடுக்க முடியாதவரை வற்புறுத்த வேண்டாம். பணத்தை இருவர் சேர்ந்து வாங்கி, பற்றுச்சீட்டுக் கொடுத்து, அன்று மாலையே பலர் முன்னிலையில் எண்ண வேண்டும். வரவு செலவை ஊருக்குப் பொதுவான இடத்தில் எழுதி ஒட்டுங்கள். ஓடுபவர்கள் சில மாதங்களாவது பயிற்சி எடுத்து, வைத்தியரிடம் காட்டிய பின்னரே இறங்க வேண்டும். வெயிலுக்கு முன் ஓடி முடிப்பதும், வழியில் தண்ணீர் வைப்பதும் அவசியம். நெஞ்சு வலியோ தலைச்சுற்றோ வந்தால் உடனே நிறுத்த வேண்டும். நின்றுவிட்டோமே என்று வெட்கப்பட வேண்டாம். டெரியும் நிற்க வேண்டித்தான் வந்தது.

இடம்பெயர்ந்த நாளிலிருந்து நம்மைப் பெறுபவர்களாகவே மற்றவர்கள் எண்ணிவிட்டார்கள். சில வேளைகளில் நாமும் அப்படியே எண்ணிவிடுகிறோம். பிடியரிசி எடுத்து வைத்த கைகள் நம்முடையவை. பக்கத்துக் குடிசையில் நோயுற்ற பிள்ளைக்காக நாம் கொடுக்கும் ஒரு ரூபாவும், நாம் ஓடும் ஒரு மைலும் அதை நமக்கு நினைவூட்டட்டும்.