தோற்றவர்களோடும் வாழ வேண்டும் என்பதை அறிந்த தளபதி

ஜெனீவா என்றதும் எங்களில் பலருக்கு ஐ.நா. மனித உரிமைகள் பேரவையும் அங்கே நிறைவேறும் தீர்மானங்களும்தான் நினைவுக்கு வரும். அந்த நகரின் மையத்தில் குதிரைமேல் அமர்ந்த ஒரு தளபதியின் சிலை 1884 முதல் நிற்கிறது. கியோம் ஆன்றி டுபூர் என்பது அவர் பெயர். அவர் தலைமை தாங்கிய உள்நாட்டு யுத்தத்தைப் பற்றி எங்கள் மக்கள் அறிந்திருப்பது நல்லது என நினைக்கிறேன்.

டுபூர் 1787இல் பிறந்தார். ஜெனீவாவை விட்டு வெளியேறியிருந்த பெற்றோர் அப்போது கொன்ஸ்ரான்ஸ் நகரில் வாழ்ந்தனர். பரிஸில் பொறியியல் கற்று, நெப்போலியனின் படையில் பணியாற்றினார். பின்னர் ஜெனீவா திரும்பி பாலங்கள் அமைத்தார், அரசியலில் ஈடுபட்டார், தூண் நகரின் இராணுவப் பாடசாலையில் கற்பித்தார். சுவிஸ் முழுவதையும் 25 தாள்களில் அடக்கிய துல்லியமான தேசப்படம் அவரது மேற்பார்வையில் உருவானது. 4,634 மீற்றர் உயரமான, அந்நாட்டின் மிக உயர்ந்த சிகரம் இன்றும் அவர் பெயரைத் தாங்குகிறது.

அன்றைய சுவிஸ், கன்ரோன்கள் எனப்படும் மாநிலங்களின் தளர்வான கூட்டாகவே இருந்தது. மத்திய அதிகாரம் பெருகினால் தங்கள் மதமும் சுயாட்சியும் பறிபோகும் என்று அஞ்சிய ஏழு கத்தோலிக்கக் கன்ரோன்கள் 1845இல் தனிக் கூட்டணி அமைத்தன. அதைக் கலைக்குமாறு 1847இல் கூட்டாட்சிச் சபை உத்தரவிட்டது. அவை மறுத்தன. யுத்தம் மூண்டது. ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் கொண்ட கூட்டாட்சிப் படைக்கு 60 வயது டுபூர் தளபதியானார்.

தன் படையினருக்கு அவர் விடுத்த கட்டளை முக்கியமானது. வெற்றி மட்டும் போதாது, பழிச்சொல் இல்லாமலும் வெளிவர வேண்டும் என்றார். சிறுவர், பெண்கள், முதியவர், மதகுருமார் ஆகியோரைப் படையினரின் பாதுகாப்பில் ஒப்படைத்தார். எதிரியின் காயப்பட்டவர்களையும் தம்மவர்போல் பராமரிக்கச் சொன்னார். பெரும் படையால் சூழ்ந்து, சண்டையின்றிச் சரணடைய வைப்பதே அவரது உத்தி. பிறிபூர்க் நவம்பர் 14இலும் லுசேர்ன் 24இலும் பணிந்தன. மாத முடிவுக்குள் எல்லாம் முடிந்தது. இரு தரப்பிலும் இறந்தவர்கள் சுமார் நூறு பேர்.

அது கறையற்ற யுத்தம் என்று சொல்ல மாட்டேன். பிறிபூர்க்கில் கொள்ளை நடந்தது. தோற்ற கன்ரோன்கள் மீது யுத்தச் செலவு சுமத்தப்பட்டது. இயேசு சபையினர் மீதான தடை 1973 வரை அரசியலமைப்பில் இருந்தது. தோற்ற தரப்பின் கத்தோலிக்கப் பழமைவாதி ஒருவர் மத்திய அமைச்சரவைக்குள் நுழைய 1891 ஆகிவிட்டது.

ஆனாலும் வென்றவர்கள் ஒற்றையாட்சியைத் திணிக்கவில்லை. 1848 அரசியலமைப்பு கன்ரோன்களின் தன்னாட்சியைக் காத்தது. பாராளுமன்றத்தின் இரண்டாவது சபையில் மிகச் சிறிய ஊரிக்கும் பெரிய பேர்ணுக்கும் தலா இரண்டு ஆசனங்கள். 1852இல் மீதமிருந்த யுத்தக் கடனும் தள்ளுபடி செய்யப்பட்டது.

1863இல் ஜெனீவாவில் செஞ்சிலுவை இயக்கத்தைத் தொடங்கிய ஐவரில் டுபூரும் ஒருவர். அவரே அக்குழுவின் முதல் தலைவர். காயப்பட்டவர் எந்தத் தரப்பினராயினும் பராமரிக்கப்பட வேண்டும், வைத்தியசாலைகள் தாக்கப்படக்கூடாது என்ற 1864 ஜெனீவா உடன்படிக்கை அவர் தலைமை தாங்கிய மாநாட்டில்தான் பிறந்தது. 2009இல் புதுமாத்தளனிலிருந்தும் முள்ளிவாய்க்காலிலிருந்தும் காயக்காரரைக் கப்பலில் ஏற்றிச் சென்றது அந்தச் செஞ்சிலுவைதான். அதே நாட்களில் வைத்தியசாலைகள் மீது எறிகணைகள் விழுந்ததையும் நாங்கள் அறிவோம்.

இருபத்தாறு வருட யுத்தத்தையும் ஒரு மாதத்துக்குள் முடிந்த யுத்தத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனால் வென்றவர் அடுத்து என்ன செய்கிறார் என்பதை ஒப்பிடலாம். இங்கே துயிலும் இல்லங்கள் இடிக்கப்பட்டன. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 முதல் வீதியோரத்தில் பதில் கேட்டு நிற்கிறார்கள். அதிகாரப் பகிர்வு பேச்சளவிலேயே நிற்கிறது. தோற்றவர்களும் நாளை இதே நாட்டில் வாழப்போகிறவர்கள் என்பதை யுத்தம் தொடங்கும் முன்பே டுபூர் கணக்கில் எடுத்திருந்தார். கொழும்பு அந்தக் கணக்கை இன்னும் தொடங்கவில்லை என்பதே என் கவலை.